குகையில் புரட்டாசி இல்லை

இரண்டு புத்தகங்கள் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் என் மாமியார் சோற்றுக்குப் பிச்சை எடுக்க ஆரம்பித்தார்.

முதல் புத்தகம் என் கணவர் ஜெயபாலன் வாங்கியது. மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று சொல்லும் ஆங்கிலப் புத்தகம். எழுதியவர் டாக்டர். அட்டையில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிப்பார். இரண்டாவது, இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் என் நாத்தனார் லோஷினி சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்தது. பேலியோவாம். குகையில் வாழ்ந்தவன் தின்றதை மட்டும் தின்ன வேண்டுமாம். எழுதியவன் சட்டையில்லாமல், பாறைமேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றான். இரண்டு பேர் பெயரும் என் வாயில் நுழையவில்லை. கண்ணாடிக்காரர், சட்டையில்லாதவன் என்று வைத்துக்கொண்டேன்.

தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து அனுப்புவது என் வேலை. எதையும் குறை தேடித்தான் படிப்பேன். கண்ணாடிக்காரர் தங்கமான மனிதர். தானும் குண்டாக இருந்தவன்தான் என்கிறார். தவறிப்போய்ச் சாப்பிட்டுவிட்டீர்களா, போகட்டும், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். சட்டையில்லாதவனுக்கு வாயைத் திறந்தால் வசவு. சோறு தின்கிறவன் சோம்பேறி, பால் குடிக்கிறவன் இன்னும் வளராத குழந்தை, பருப்புத் தின்கிறவன் ஏமாளி.

வேடிக்கை என்னவென்றால், அந்த நல்ல மனிதரின் புத்தகத்தை என் கணவர் போலீஸ்காரர் மாதிரிப் படித்தார். அம்மாவின் தட்டை எட்டிப் பார்ப்பார், குப்பைத் தொட்டியைக் கிளறுவார், விரலைக் குத்தி ரத்தம் எடுப்பார். வசவுப் புத்தகத்தை வைத்திருந்த லோஷினியோ தேனாகப் பேசுவாள். "என் செல்ல அம்மால்ல" என்று கன்னத்தைக் கொஞ்சிக்கொண்டே கையிலிருக்கும் தயிர்க் கிண்ணத்தைப் பிடுங்குவாள். இரண்டில் எது கொடுமை என்று என்னைக் கேட்டால், கொஞ்சினதுதான்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் எந்தப் புத்தகம் பெரிது என்று போட்டி. சோறு கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை. கண்ணாடிக்காரர் தயிரும் பனீரும் கொடுத்தார், பழத்தையும் கிழங்கையும் பிடுங்கிக்கொண்டார். சட்டையில்லாதவன் பழமும் சர்க்கரைவள்ளியும் கொடுத்தான், பாலையும் பருப்பையும் பிடுங்கிக்கொண்டான். பிள்ளைகள் விட்டுக்கொடுப்பார்களா? கண்ணாடிக்காரர் தடுத்ததை மகன் தடுத்தார், சட்டையில்லாதவன் தடுத்ததை மகள் தடுத்தாள். அத்தைக்கு மிஞ்சியது கறி, மீன், முட்டை, கீரை, வெள்ளரிக்காய்.

அத்தை காஹாங் தோட்டத்தில் செம்பனைக் குலை தூக்கினவர். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடும்போதும் ஒரு பிடி சோறு உள்ளே போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் நகராது என்பார். மகன் சொல்லைத் தட்டத் தெரியாது. கறியையும் முட்டையையும் சகித்துக்கொண்டார்.

அப்புறம் புரட்டாசி பிறந்தது.

புரட்டாசியில் அத்தை கவுச்சி தொட மாட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெருமாளுக்காக இருந்து வரும் விரதம். கறி, மீன், முட்டை மூன்றும் போயின. மிச்சம் எது என்று விரல் விட்டுப் பார்த்தேன். கீரை. அப்புறம் வெள்ளரிக்காய். காலையில் போடும், கிளினிக் கொடுத்த, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை.

ஒரு மாதத்துக்காவது விட்டுவிடுங்கள் என்று இருவரிடமும் கெஞ்சினேன். லோஷினி அம்மாவின் தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள்.

"குகையில புரட்டாசி இல்லம்மா."

அத்தை பெருமாள் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "குகையில பெருமாளும் இல்ல போல" என்றார்.

இருவரும் சிரித்தார்கள்.

மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். ஒன்றுக்கொன்று ஆகாத அந்த இரண்டு புத்தகங்களும் முதல் பக்கத்தில் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தன. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. அது கேஸ் வராமல் இருக்க எல்லாரும் போடுகிற வரி என்று என் கணவர் சொன்னார். லோஷினி அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்ததில்லை.

அத்தைக்குக் கை நடுங்கத் தொடங்கியது. வேர்த்துக் கொட்டியது. மாவுச்சத்தை விடும்போது முதலில் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கண்ணாடிக்காரர் அன்பாக எழுதியிருந்தார். பலவீனம் உடம்பை விட்டு அழுதுகொண்டே போகிறது என்று சட்டையில்லாதவன் எழுதியிருந்தான். ஒருநாள் சாயங்காலம் அத்தை சோர்ந்து படுத்திருந்தார், சர்க்கரை பார்க்கும் கருவி மூன்று புள்ளி நான்கு காட்டியது. என் கணவர் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். லோஷினி கைதட்டல் அனுப்பினாள். நாலுக்குக் கீழே போனால் உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்தார். நான் மைலோ கலக்கிச் சீனி அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். குடித்த கொஞ்ச நேரத்தில் அத்தை எழுந்து உட்கார்ந்து என் பெயரைச் சொன்னார்.

மறுநாள் காலை ஒன்பது காட்டியது. ஏழுக்கு மேல் போகக் கூடாதாம். விசாரணை நடந்தது.

"அம்மாவக் கொல்லப் பாக்குறீங்களா அண்ணி?" என்று லோஷினி கேட்டாள். அழுதுகொண்டேதான் கேட்டாள்.

என் கணவர் சீனி, மைலோ, அரிசி மூன்றையும் எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். அரிசி வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு வேலை. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் கணவர் வீட்டிலிருந்தார். நான் செருப்பு மாட்டும்போது அத்தை வாசல்வரை வந்து என் கையைப் பிடித்தார்.

"வரும்போது ஒரு பிடி சோறு வாங்கிட்டு வாம்மா. வெறுஞ்சோறு போதும்."

இடைவேளையில் போனைப் பார்த்தேன். இரண்டு புள்ளி எட்டு என்று என் கணவர் போட்டிருந்தார், கீழே ஒரு வெற்றிக் கோப்பைப் படம். இது நான் தயிரை நிறுத்தியதால்தான் என்று லோஷினி எழுதியிருந்தாள். இல்லை, தயிரை விட்டதால் ஒன்றும் இல்லை, பழத்தை விட்டதால்தான் என்று இவர் எழுதியிருந்தார். சண்டை நீண்டுகொண்டே போனது. நான் இவருக்குப் போன் அடித்தேன். அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார், எழுப்பக் கூடாது என்றார். சீனித் தண்ணீர் கொடுங்கள் என்று கத்தினேன். வீட்டில் சீனி இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். வழியில் வாழையிலைக் கடையில் வெறுஞ்சோறு கட்டி வாங்கினேன். ஸ்கூடாய் சாலை அன்றைக்கும் நகரவில்லை. பொட்டலம் என் மடியில் சூடாக இருந்தது. வீட்டுக்குப் போனபோது அத்தைதான் ஆறிப் போயிருந்தார்.

மறுநாள் அத்தையைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். காரியம் செய்ய வந்த பண்டாரம் வாய்க்கரிசிக்கு அரிசி கேட்டார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. என் கணவர் ஈர வேட்டியோடு காரை எடுத்துக்கொண்டு ஓடினார். கடையிலிருந்து எனக்குப் போன் வந்தது.

"அம்மா என்ன அரிசி சாப்பிடுவாங்க?"

நான் போனை வைத்துவிட்டேன். அவரே பார்த்து எடுத்து வந்தார். தாம்பாளத்தில் கொட்டும்போது பையைப் பார்த்தேன். நீளநீளமான விலை உயர்ந்த அரிசி. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஏற்றது என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது.

மகன் போட்டார். மகள், அம்மா அம்மா என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே போட்டாள். மூன்று முறை போதும் என்றார் பண்டாரம். என் முறை வந்தது. நான் கை நிறைய அள்ளினேன். மூன்று முறைக்கும் மேலே போட்டேன். போதும்மா, போதும் என்று பண்டாரம் என் கையைத் தடுத்தார்.

"சாப்பிடுங்க அத்தை" என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "இன்னைக்கு யாரும் விரலைக் குத்த மாட்டாங்க."