ஸா நேரத்தில் அடித்த மணி

2014 அக்டோபர் 9, வியாழக்கிழமை. சமோவாவில் உபோலு தீவின் தென்கரையில் உள்ள மாத்தஃபோலா ஊரில் மாலை 6.35-க்கு ஆழிப்பேரலைப் பயிற்சிக்கான மணி அடிக்கப்பட்டது. ஊரில் அன்று இருந்தவர்கள் 212 பேர். இருபது நிமிடங்களில் மேட்டுத் தோட்டத்துக்கு ஏறி வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் ஆக்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரே குடும்பம்.

நேரத்தைக் குறித்தது லனுவோலாதான். பெண்கள் குழுவில் பேரிடர்ப் பொறுப்பு அவளுடையது. எல்லோரும் வீடு திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்தாள். அது ஸா நேரம். மாலை மணி அடித்ததும் ஊரே வீட்டுக்குள் போய்ப் பிரார்த்தனைக்கு உட்காரும். வழியில் அகப்பட்டவர் வழியிலேயே உட்கார வேண்டும். ஸாவுக்கும் அலைக்கும் மணி ஒன்றுதான்: தேவாலய முற்றத்துச் சீமைப்பலா மரத்தில் தொங்கும் காலி காஸ் சிலிண்டர். அலை என்றால் நிறுத்தாமல் அடிப்போம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகளில் அவளே அறிவித்திருந்தாள்.

மேட்டில் கடிகாரமும் பதிவேடுமாக நின்றவள், ஒன்பது வயது மகள் திரேசா வராததைக் கண்டு கீழே இறங்கினாள். வீடுகளில் ஓலைத் திரைகள் இறக்கப்பட்டிருந்தன. உள்ளே பாட்டு. கடலிலிருந்து முப்பதடி தள்ளியிருக்கும் அவள் வீட்டில் திரேசா சம்மணமிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"மேல வரச் சொன்னேன்ல?"

"வந்தேம்மா. பன்றி வேலி வரைக்கும் ஓடி வந்தேன். சித்தப்பாதான் திருப்பி அனுப்பிட்டாரு. ஸா நேரத்துல என்ன ஓட்டம், போய் உக்காருன்னாரு."

சித்தப்பா என்பது லனுவோலாவின் கொழுந்தன் ரொபாட்டி. ஸா முடியும்வரை சாலையில் காவல் நிற்கும் இளைஞர்களுக்குத் தலைவன். மறுநாள் காலை அவன் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த இடத்துக்கே போனாள்.

"பயிற்சின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணி. மணி அடிச்சுது, இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினேன், ரோட்டுல வந்து நின்னேன். கால் தானா வந்துடுச்சு."

"நிறுத்தாம அடிச்சானே, அது கூடவா கேக்கல?"

"கேட்டுச்சு. மணி அடிக்கிற பையன் இன்னைக்கு நல்லா சாப்பிட்டிருக்கான்னு நினைச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. "நிஜ அலையா இருந்தா இந்நேரம் புள்ளை எங்க இருந்திருப்பா?"

ரொபாட்டி கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தான்.

திங்கட்கிழமை ஊர்த்தலைவர்கள் சபையில் லனுவோலாவைப் பேசச் சொன்னார்கள். சிலிண்டர் இனி அலைக்கு மட்டும் என்று ஆக வேண்டும், ஸாவுக்குச் சங்கு ஊதலாம் என்றாள்.

மூத்த தலைவர் துவாலா தலையை ஆட்டினார். "எங்கப்பா காலத்துலருந்து ஜெபத்துக்கு மணிதான். நீ வேணா அலைக்குச் சங்கு ஊதிக்கோ."

"சங்கு ஊத ஊர்ல மூணு பேருக்குத்தான் தெரியும் ஐயா. கம்பி எடுத்து அடிக்க யாரா இருந்தாலும் போதும். பதற்றத்துல கை அதுக்குத்தான் போகும்."

"அதான் போன்ல சேதி வருமாமே," என்றார் இன்னொருவர்.

"வரும். போன புயல்ல நாலு நாள் போனெல்லாம் செத்துக் கிடந்துச்சே, அப்ப வந்துச்சா?"

"சங்கு ஊதினா மீன்காரன் வந்துட்டான்னு பொம்பளைங்க சட்டியோட ஓடி வருவாங்க, பரவாயில்லையா?" என்றார் துவாலா. சபை சிரித்தது. ஐந்து வருஷத்துக்கு முன் ஊரைத் தாக்கிய அலை காலையில்தானே வந்தது, ஸாவில் வரவில்லையே என்று ஒரு குரல் எழுந்தது. அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அந்த அலையில் தம்பியை இழந்த ஒருவர் அங்கே இருந்ததால் சிரிப்பு சீக்கிரம் நின்றது.

பின்வரிசையில் சபைக்கு ஆவா என்ற வேர்ப்பானம் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ரொபாட்டி பேச அனுமதி கேட்டான். அவனுக்கு அப்படிக் கேட்கும் வழக்கமில்லை. துவாலா கையசைத்தார்.

"திரேசாவைத் திருப்பி அனுப்பினது நான்தான் ஐயா. பயிற்சின்னு தெரிஞ்சே அனுப்பினேன். நாளைக்கு அதே மணி கேட்டாலும் அதையேதான் செய்வேன். சின்ன வயசுலருந்து பழகின கால் இது. எத்தனை ஞாயிறு அறிவிச்சாலும் மாறாது. மணியை மாத்துங்க."

ஆவா கிண்ணம் ஒரு சுற்று முழுவதும் போய்த் திரும்பியது. பிறகு துவாலா, சங்கை ஊதுவது தன் குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும் என்றார். வேறு நிபந்தனை சொல்லவில்லை. சிலிண்டர் ஒலித்தால் ஸா நேரமானாலும் காவலர்கள் வழிவிட வேண்டும் என்றும் முடிவானது.

நவம்பர் முதல் தேதி மாலை சங்கு ஊதியபோது நான்கு பெண்கள் சட்டியோடு கடற்கரைக்கு வந்தார்கள். அடுத்த வாரம் யாரும் வரவில்லை.

நவம்பர் 20, வியாழக்கிழமை, மாலை 6.40, இரண்டாவது பயிற்சி. சங்கு ஊதி ஊர் பிரார்த்தனையில் இருந்தபோது சிலிண்டர் அடிக்கப்பட்டது. இருபது நிமிடங்களில் 187 பேர் மேட்டை அடைந்தார்கள். துவாலா ஜெபத்தை முடித்துவிட்டுப் பதினேழாவது நிமிடத்தில் வந்தார். திரேசா ஆறாவது நிமிடத்தில், ரொபாட்டியின் முதுகில் வந்தாள்.