மூன்றாம் வரிசை வரை

வீடியோவில் மின்னலின் இரண்டு கைகளும் கம்பியில் இல்லை. ஒரு கை கிட்டாரின் கழுத்தில் மாட்டியிருந்த கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கை கிட்டாரைச் சாயாமல் தாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கிட்டார் அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது, தேனாக, ஒரு பிசிறுகூட இல்லாமல்.

மின்னல் வீடியோவைப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தார். மறுபடியும் அதேதான்.

"அடப்பாவிகளா!"

"யாரைங்க திட்டுறீங்க, காலங்காத்தால?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டார்.

நேற்று ஆராதனையில் நடந்தது இதுதான். இரண்டாவது பாட்டுக்குச் சுருதியை ஏற்ற மாட்டிய கிளிப்பை மூன்றாவது பாட்டுக்கு முன்னால் கழற்ற மறந்துவிட்டார். முதல் அடியிலேயே நாராசம். கழற்றி முடிப்பதற்குள் எட்டு எண்ணிக்கை ஓடிவிட்டது. முப்பது வருஷம் வாசித்தவன் செய்கிற வேலையா இது என்று முகம் எரிந்தது. சபையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, வாசலில் ஓர் அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு உங்க கிட்டார் என்னை அழ வச்சிடுச்சு பிரதர்" என்றார். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டார். எவ்வளவு கேவலமாக இருந்தது என்று பார்க்கத்தான் திங்கட்கிழமை காலையில் சபையின் வீடியோவைத் திறந்தார். அந்த அம்மாளை அழவைத்தது லேப்டாப்.

மேடையில் வாசிக்கிறவர்கள் எல்லாரும் காதில் குட்டி ஸ்பீக்கரைச் செருகியிருப்பார்கள். அவரவர் வாசிப்பு அவரவர் காதுக்கு வரும். அரங்கத்துக்கு எது போக வேண்டும் என்பது கடைசி வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சவுண்டுக்காரர் கையில். முன்பே பதிந்த இசையும் லேப்டாப்பிலிருந்து கூடவே ஓடும். ஆள் குறைந்தால் இட்டு நிரப்பத்தான் அது என்று மின்னல் நம்பியிருந்தார். பச்சைப் பிள்ளை மாதிரி நம்பியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய் சவுண்டுக்காரர் முன்னால் நின்றார்.

"எத்தனை நாளா?"

"என்னண்ணே?"

"என் லைனை மூடி எத்தனை நாளாச்சுன்னு கேட்டேன்."

சவுண்டுக்காரர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்து, அவிழ்த்து, மறுபடி சுற்றினார். "வர்ற மாசத்தோட ரெண்டு வருஷம்ணே. லேப்டாப்பும் நீங்களும் சேந்து வந்தா இடிக்குது. நீங்க ஒரு மயிரிழை லேட்டாயிடுறீங்க. பாஸ்டர்தான்..."

ரெண்டு வருஷம்! வாரம் தவறாமல் விரல் நுனி காய்த்துப் போகும்படி வீட்டில் பழகிவிட்டு வந்து, நூறு ஞாயிறு ஊமை கிட்டாரைத் தடவியிருக்கிறார்.

நேராக பாஸ்டர் அறைக்குப் போனார். கதவைத் தட்டவில்லை.

பாஸ்டர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டே யாரும் பார்த்ததில்லை, அதுவே மின்னலுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "பிரதர், தேவன் கேக்கிறாரே. அது போதாதா?"

"அப்போ உங்க மைக்கையும் மூடிடலாமே பாஸ்டர். அவருக்குத்தான் கேக்குமே."

பாஸ்டர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை புதுசா நிறையப் பேர் வர்றாங்க. உங்க சாட்சியை மட்டும் விட்டுடாதீங்க. அதைக் கேக்கத்தான் வர்றாங்க."

அந்தச் சாட்சி! மாதத்தின் முதல் ஞாயிறு, பாடல்களுக்கு நடுவே மின்னல் மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டும்: இருபத்திரண்டு வருஷம் ராக் பேண்டில் ஆடினேன், குடித்தேன், சாக்கடையில் கிடந்தேன், கர்த்தர் தூக்கிவிட்டார். சாக்கடை பாஸ்டர் சேர்த்தது. பேண்ட் வேனை ஓட்டுகிற பொறுப்பு அவருடையது, அதனால் குடித்ததே அபூர்வம். மின்னல் என்பது விரல் வேகத்துக்காக ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர், போஸ்டரிலும் அதே பெயர்தான். பேண்ட் உடைந்தபின் மனைவிக்குத் துணையாகச் சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தவர், ஒரு ஞாயிறு ஒரு பாட்டுக்கு நடுவே காரணம் தெரியாமல் தேம்பித் தேம்பி அழுதார். நடந்தது அவ்வளவுதான். அதில் சுவாரசியம் இல்லை என்று பாஸ்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் குதித்தார். "என் கிட்டார் வேண்டாம், என் சாக்கடை மட்டும் வேணும்! என்னை மேடையில பொம்மையா நிக்க வச்சிருக்கானுங்க. ஒருத்தனுக்காவது மூஞ்சிக்கு நேரா சொல்லத் துப்பிருந்துச்சா?"

மனைவி துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "நெட்டை அண்ணனுக்கு நீங்க பண்ணதுதானே."

"என்னடி சொன்ன?"

"நீங்கதான் என்கிட்ட சொல்லிச் சிரிச்சீங்க. நான் மறக்கல."

கதவைப் படாரென்று சாத்திவிட்டு வெளியே போனார். தெருமுனைகூடத் தாண்டவில்லை, கால் நின்றுவிட்டது. நெட்டைதான் பேண்டை ஆரம்பித்தவன். மின்னலுக்கு முதல் கிட்டாரை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். கடைசியில் அவன் விரல்கள் மந்தமாகிவிட்டன. மின்னல்தான் பேண்டின் சவுண்டுக்காரரிடம் கண்ணைக் காட்டினார்: அவன் லைனை மூடிடு. ஒன்றரை வருஷம். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் நெட்டை வேர்க்க விறுவிறுக்க வந்து கேட்பான், "டேய், என் கிட்டார் எப்படிடா இருந்துச்சு?" "கலக்கிட்ட மச்சான்" என்பார் மின்னல். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். நெட்டை செத்து நாலு வருஷமாகிறது. கலக்கினோம் என்று நம்பியே செத்தான்.

பாஸ்டர் மேல் இருந்த கோபம் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. ஆனால் இப்போது அதே கோபம் மின்னலின் கழுத்தையும் சேர்த்து நெரித்தது.

ஞாயிறு அரங்கம் நிரம்பியிருந்தது. மின்னல் மைக்கைப் பிடித்தார்.

"நான் சாக்கடையில கிடந்ததில்ல. அது பொய். இத்தனை மாசம் அந்தப் பொய்யைச் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க. நான் செஞ்ச பாவம் வேற. எனக்குத் தொழில் கத்துக்கொடுத்தவனோட கிட்டாரை ஒன்றரை வருஷம் ஊமையாக்கி, நல்லா வாசிச்சேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னேன். அதையே இங்க எனக்குச் செஞ்சிருக்காங்க. ரெண்டு வருஷமா நீங்க கேட்டது என் கிட்டாரே இல்ல."

மின்னல் காதிலிருந்த ஸ்பீக்கர்களைப் பிடுங்கித் தோளில் தொங்கவிட்டார்.

"சவுண்டுக்காரரே, தொறந்து விடுங்க. லேட்டா வந்தா வரட்டும்."

சவுண்டுக்காரர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் மடியிலிருந்த வேதாகமத்தைப் புரட்டினார். அடுத்த நொடி மின்னலின் மைக்கும் செத்துப்போனது.

அவர் மைக்கை வைத்துவிட்டு வாசித்தார். தன்னை அழவைத்த அந்தப் பழைய பாட்டு. மின்சாரம் இல்லாத கம்பிச் சத்தம், கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் எழும்பியது. இரண்டாவது கம்பி ஒரு மயிரிழை பிந்தித்தான் விழுந்தது. அது அவருக்கே கேட்டது.

மூன்றாம் வரிசையில் அவர் மனைவி வார்த்தைகளை எடுத்துப் பாட ஆரம்பித்தார். அவர் பக்கத்தில் இருந்த ஒருவரும் சேர்ந்துகொண்டார். நாலாவது வரிசையில், என்ன பாட்டு என்று ஒருவர் முன்னால் குனிந்து கேட்டார். பாட்டு முடிவதற்குள் லேப்டாப் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டது. அதில் கிட்டார் பிரமாதமாக இருந்தது.