மேடையை விட்டு இறங்கினோம்

நியூ ஆர்லியன்ஸ் கோடை ஜாஸ் விழாவில் எங்கள் பேண்டு கோஷ்டிக்குக் கிடைத்தது, குப்பைத் தொட்டிகளை ஒட்டி ஒரு குட்டி மேடை. அதுவும் உச்சி வெயிலில். ஆனாலும் மூன்றாவது பாட்டுக்கே கூட்டம் நெரிந்தது.

கழுத்தில் அட்டை தொங்க பிரெஸ்டன் ஓடிவந்தான். விழாவை நடத்துவதற்கென்று வெளியூரிலிருந்து வந்தவன்.

"பெரிய மேடையில லியான்ட்ரா மேடம் பாடப்போறாங்க. நீங்க வாசிச்சா அங்க ஆள் வராது. மேடையை விட்டு இறங்குங்க."

எங்கள் தலைவர் ஆல்சிட் டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டார். "இறங்கினாப் போதுமா தம்பி?"

"போதும்."

டூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை உடம்பில் மாட்டியிருந்த எனக்குச் சிரிப்பு தாளவில்லை. கல்யாணமோ சாவோ, தெருவில் நடந்துகொண்டே ஊதிப் பிழைப்பவர்கள் நாங்கள். எங்களுக்கு மேடை எதற்கு?

ஊதிக்கொண்டே இறங்கினோம். கூட்டம் குடைகளை விரித்து, கைக்குட்டைகளைச் சுழற்றி, ஆடியபடி எங்கள் பின்னால் கிளம்பியது. பெரிய மேடையைக் கடந்தபோது அங்கே காத்திருந்தவர்களும் நாற்காலிகளை விட்டு எழுந்து சேர்ந்துகொண்டார்கள்.

பிரெஸ்டன் வியர்க்க வியர்க்கக் கூடவே ஓடிவந்தான். "அண்ணே, உங்க மேடையிலயே ஏறிடுங்கண்ணே."

"வெயில்ல பலகை சுடுது தம்பி" என்றார் ஆல்சிட்.

அதற்குள் யாரோ என் பக்கத்தில் வந்து ஆடுவது தெரிந்தது. திரும்பினால் லியான்ட்ரா.

"முன்வரிசை வாசிக்கிறவங்களுக்கும்மா" என்றேன். "ஆடுறவங்க பின்னால."

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஆடியபடியே பின்னால் போனாள்.