ஏழாம் எண் வண்டியின் எடை

அம்பத்தூரில் பார்சல் கொண்டுபோகும் ஹைட்ரஜன் வண்டிகள், கடைசிப் பார்சலையும் கொடுத்துவிட்டால் தரையை விட்டு மேலே கிளம்பிவிடும். முதல் வாரமே இது தெரிந்துவிட்டது. மூன்றாம் எண் வண்டி பட்டரவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில் போய் அமர்ந்தது. ஓட்டுநர் பந்தியில் சாப்பிட்டு முடித்து, கிரேன் வந்ததும் இறங்கினார். இது புகை விடாது, தண்ணீர்தான் விடும் என்று தொடக்க விழாவில் அந்தத் தண்ணீரை வெள்ளி டம்ளரில் பிடித்துக் குடித்துக் காட்டிய பெரியவர்கள், பறப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அழைப்பிதழில் அது இல்லை.

செங்கல் ஏற்றிப் பார்த்தார்கள். செங்கல்லோடு சேர்ந்து வண்டி போயிற்று. எடை பொருளில் இல்லை, அதற்காகக் காத்திருப்பவரிடம் இருக்கிறது என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார். யாரோ ஆர்டர் போட்டு மறந்துபோன ஒரு தோசைக்கல்லை வைத்து ஓட்டிய வண்டி, வேகத்தடையில் ஏறியது; இறங்கவில்லை. அன்றிலிருந்து வாடிக்கையாளர் சேவைப் பிரிவு எல்லோருக்கும் போன் செய்து, பொருள் எவ்வளவு அவசரம் என்று அன்போடு விசாரிக்க ஆரம்பித்தது. யாருக்கு மிக அவசரமோ அவருடைய பார்சல் கொடுக்கப்படாமல் வண்டியிலேயே இருக்கும். அவருக்கு 'மாண்புமிகு வாடிக்கையாளர்' என்று ஒரு சான்றிதழ் போகும். அது தபாலில் போவதால் ஒழுங்காகச் சேர்ந்துவிடும்.

ஏழாம் எண் வண்டியை ஓட்டிய இருதயராஜுக்கு வாய்த்த மாண்புமிகு வாடிக்கையாளர், கொரட்டூர் மாசிலாமணி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வர வேண்டியது பல்செட்டு.

தினமும் பகல் பதினொரு மணிக்கு இருதயராஜ் அவர் வீட்டு மணியை அழுத்துவார். பார்சலைக் காட்டுவார். "இன்றைக்கும் முயற்சி செய்தோம்" என்று விதிப்படி சொல்வார். திரும்ப எடுத்துக்கொண்டு போவார். தினமும் கொண்டுவந்து காட்டாவிட்டால் காத்திருப்பவருக்கு நம்பிக்கை விட்டுப்போகும், வண்டி லேசாகிவிடும். மாசிலாமணி கோபப்பட்டதே இல்லை. ஸ்டாப்பில் கை காட்டிய எத்தனையோ பேரை விட்டுவிட்டு விசில் கொடுத்தவர் அவர். வண்டியடியில் சொட்டும் தண்ணீருக்கு ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு, கஞ்சி குடிக்க உள்ளே போய்விடுவார்.

இருபத்து மூன்றாம் நாள் அவர் உள்ளே போகவில்லை. அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்ற மகள் பூங்கோதை தெளிவாக எடுத்துச் சொன்னாள். போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா "சம்மதம்" என்றார். பல் இல்லாததால் அது "சந்தேகம்" என்று அவர்கள் காதில் விழுந்தது. பஜ்ஜியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அவள் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். காகிதம் கோர்ட்டுக்குத்தான், பெண்ணைப் பெற்றவர் வாயால் வர வேண்டும் என்று மாப்பிள்ளையின் மாமா சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மறுபடியும் வருகிறார்கள். அதோடு சரி, இனி வர மாட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை ஒம்பது மணிக்கு வந்துருதேன் அண்ணாச்சி" என்றார் இருதயராஜ். வாய் முந்திக்கொண்டது. வண்டி அன்று இன்னும் ஒரு அங்குலம் தாழ்ந்து ஓடியது.

அவர் கிளை மேலாளர் தில்லைநாயகியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். கொடுக்கலாம், தடையில்லை, அதே அளவு காத்திருக்கும் வேறு ஒருவரைக் கொண்டுவந்தால் போதும் என்றாள். பட்டியலைப் பார்த்தார்கள். மிக்ஸி ஜாருக்குக் காத்திருப்பவர் ஒருவர், கல்யாணப் பத்திரிகைக்குக் காத்திருக்கும் மணமகன் ஒருவன். மணமகனின் பார்சலை மட்டும் வண்டியில் வைத்துப் பார்த்தபோது முன்சக்கரம் தரையை விட்டது. அவனுக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை போலிருக்கிறது.

"உங்களுக்கு ஏதாவது வர வேண்டியது இருக்கா, அண்ணா?" என்று கேட்டாள் தில்லைநாயகி.

இருந்தது. பதினொரு வருடமாக அவர் தூத்துக்குடிக்கு இடமாற்றம் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி ஸ்டெல்லா அங்கே டீச்சர். தினமும் போனில், சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கு முன்னால், ஆர்டர் வந்ததா என்றுதான் கேட்பாள்.

தில்லைநாயகி மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தாள். இடமாற்ற ஆர்டர் நான்கு மாதத்துக்கு முன்பே கையெழுத்தாகி வந்திருந்தது. அதன் மேல் பார்கோடு ஒட்டி, பெறுநர் இருதயராஜ் என்று, பாடி பகுதியில் அவர் குடியிருக்கும் வீட்டு விலாசத்தை எழுதி, அவர் கையிலேயே கொடுத்தாள்.

"டெலிவரிக்கு எடுத்துட்டுப் போங்க."

உறை அவர் கையில் சூடாக இருந்தது. ஓரத்தில் விரலை விட்டால் கிழிந்துவிடும். ஆனால் அவர் இப்போது அதைப் பெறுபவர் அல்ல, கொண்டுபோகிறவர். இன்னொருவர் பார்சலைப் பிரிக்கும் பழக்கம் அவருக்கு என்றுமே கிடையாது. வண்டியில் வைத்தார். நான்கு டயர்களும் தார் ரோட்டில் நன்றாகப் பதிந்தன. பணிமனைக்காரர்கள் கை தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் பல்செட்டு போய்ச் சேர்ந்தது. மாசிலாமணி அதை மாட்டிக்கொண்டு, வாசலிலேயே நின்று, கோயம்பேடு வரை உள்ள எல்லா ஸ்டாப்பிங்கையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பத்து மணிக்கு "சம்மதம்" என்றார். மாப்பிள்ளையின் மாமா இரண்டாம் முறை சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொண்டார். பூங்கோதை ஒரு தட்டில் பஜ்ஜி கொண்டுவந்து வண்டிக்குள் நீட்டினாள். இருதயராஜ் அதைத் தின்றுகொண்டே மாசிலாமணியின் பேரை அடித்துவிட்டு அடுத்த விலாசத்தைப் பார்த்தார். அது அவருடையது.

தினமும் மாலை நான்கு மணிக்கு அவர் பாடியில் தன் வீட்டு மாடிப்படி ஏறி, மணியை அழுத்துவார். யாரும் திறக்க மாட்டார்கள். அங்கே குடியிருக்கும் ஆள் அந்த நேரத்தில் வேலைக்குப் போயிருப்பார். "இன்றைக்கும் முயற்சி செய்தோம்" என்று பூட்டிய கதவிடம் சொல்லிவிட்டு இறங்குவார். வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து, தானே திறந்து படுத்துக்கொள்வார். அப்போது உறை பணிமனையில் இருக்கும். சான்றிதழ் மட்டும் வந்து சேர்ந்தது. அதைச் சுவரில் மாட்டினார். ஸ்டெல்லாவிடம், ஆர்டர் வண்டியில் ஏறிவிட்டது என்று சொன்னார். அவள் சந்தோஷப்பட்டாள். அன்று எடை தாங்காமல் வண்டியின் டயர் ஒன்று வெடித்தது.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, நான்கு மணிக்கு மணியை அழுத்தினார். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. செருப்பைத் தேய்த்து நடந்து யாரோ கதவுப் பக்கம் வந்தார்கள். கதவு திறக்கவில்லை.

"யாரைப் பாக்கணும்?" என்று உள்ளேயிருந்து கேட்டது இருதயராஜின் குரலேதான்.

"இருதயராஜ்னு ஒருத்தர். பார்சல்" என்றார் வெளியே நின்ற இருதயராஜ்.

"அவர் போன வாரமே தூத்துக்குடிக்குப் போயிட்டாரே" என்றது உள்ளே இருந்த குரல்.

இருதயராஜ் நன்றி சொன்னார். 'வாடிக்கையாளர் ஊரில் இல்லை' என்று கையிலிருந்த டேப்லெட்டில் குறித்துக்கொண்டு, உறையை அக்குளில் இடுக்கியபடி படியிறங்கினார்.