எழுபத்தைந்து சீட்டுகள்

குறி சொல்கிற டாரட் கட்டு என்றால் எழுபத்தெட்டுச் சீட்டு இருக்க வேண்டும். க்ளெனிஸின் கட்டில் எழுபத்தைந்துதான் இருந்தன. ஏழு வருஷமாக இது அவளைத் தவிர ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

முதல் வருஷம் சந்தையில் மேசை போட்டபோது கட்டு முழுசாகத்தான் இருந்தது. ஒருநாள் ஒரு சின்னப் பெண்ணுக்கு மரணச் சீட்டு விழுந்தது. எலும்புக்கூடு குதிரையேறி வருகிற படம். "இது நிஜச் சாவு இல்லம்மா, ஒண்ணு முடிஞ்சு வேற ஒண்ணு தொடங்குதுன்னு அர்த்தம்" என்று க்ளெனிஸ் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் எழுந்து ஓடி, ஜாம் விற்கிறவளின் மேசையில் மோதி, பாட்டில்கள் உடைந்து, மண்டபமே திரும்பிப் பார்த்தது. அன்று சாயங்காலம் க்ளெனிஸ் மூன்று சீட்டுகளை உருவினாள். மரணம், இடிந்து விழும் கோபுரம், முதுகில் பத்து வாள் குத்திக் கிடக்கிற மனிதன். மூன்றையும் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டு மூடினாள். ஞாயிற்றுக்கிழமை தேனும் உருளைக்கிழங்கும் வாங்க வருகிற சனங்களைப் பயமுறுத்தி யாருக்கு என்ன லாபம் என்று அப்போது நினைத்தாள். அதற்குப் பிறகு அவளிடம் வந்தவர்கள் யாரும் அழுதுகொண்டு போனதில்லை. ஹியூவான் ஆற்றங்கரையில் அவளுக்கு நல்ல பேர்.

இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சீட்டு சுத்தமாகப் பேசும் என்பாள். உண்மையைச் சொன்னால், அடுத்தவர் கஷ்டம் முழுவதையும் காதில் வாங்கிக்கொள்ளாமல் தப்பிக்க அது வசதியாகவும் இருந்தது.

டிசம்பர் மூன்றாவது ஞாயிறு. பக்கத்து மேசையில் தேன் விற்கிற மெர்வ் காலையிலேயே வம்புக்கு வந்தான்.

"ஏ சூனியக்காரி, எனக்கு லாட்டரி எப்ப விழும்?"

"உனக்கு விழுறதுன்னா பல்லுதான் மெர்வ். போய் வேலையைப் பாரு."

அவன் சிரித்துக்கொண்டே போனதும் ரேலீன் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். செர்ரிப் பழம் தரம் பிரிக்கிற கொட்டகையில் முப்பது பேரை மேய்க்கிறவள் ரேலீன். அவள் குரல் கேட்டால் மெஷினே கொஞ்சம் வேகமாக ஓடும் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு மாதமாகத்தான் சீட்டுப் பார்க்க வருகிறாள். அதுவரை இதையெல்லாம் நக்கலடித்துக்கொண்டிருந்தவள். முகம் வற்றிப் போயிருந்தது.

"கேள்வியை மனசுல நினைச்சுக்கோ" என்று க்ளெனிஸ் கட்டைக் கையில் எடுத்தாள்.

"உன் வழக்கமெல்லாம் ஓரமா வைடி. இன்னைக்கு வாயைத் திறந்துதான் கேக்கப் போறேன்." ரேலீன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அம்பது வயசுக்கு மேல குடல் சோதனைக்குன்னு கவர்மெண்ட் தபால்ல ஒரு டப்பா அனுப்புதே, தெரியும்ல. வெளிக்குப் போறதுல கொஞ்சம் எடுத்துத் திருப்பி அனுப்பணும்."

"தெரியும். என்னோடது ஃப்ரிட்ஜ் மேல கிடக்கு."

"நான் ஒழுங்கா அனுப்பினேன். செப்டம்பர்ல பதில் வந்துச்சு. ரத்தம் இருக்காம். குழாய் விட்டு உள்ள பாக்கணுமாம்."

க்ளெனிஸின் கை நின்றது. "பாத்தாங்களா?"

"எதுக்கு? அதான் உன்கிட்ட வந்தேனே."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அக்டோபர்ல சூரியன் வந்துச்சு. நவம்பர்ல பத்துக் கிண்ணம், குடும்பமே வானவில்லுக்குக் கீழ நிக்குமே, அது. போன தடவையும் ஏதோ நட்சத்திரம். மூணு தடவையும் இதையேதான் நினைச்சுக்கிட்டு உக்காந்தேன். ஒரு கெட்ட சீட்டுகூட வரலையேடி. ஆஸ்பத்திரித் தேதியை ரெண்டு தடவை தள்ளிப் போட்டுட்டேன். நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமைக்கு மறுபடியும் குடுத்திருக்காங்க. கொட்டகைல செர்ரி மலையா கிடக்கு. ஒரே ஒரு சீட்டு எடு. நல்லதா வந்தா காலைல போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுவேன்."

"உன் புருஷன் என்ன சொல்றான்?"

"கெல்வினுக்குத் தெரியாது. தெரிஞ்சா தூங்க மாட்டான். நீ எடு."

க்ளெனிஸ் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தாள். கை அது பாட்டுக்குக் கலைத்தது. புத்தி மட்டும் காலடியில் இருந்த கைப்பையிலேயே கிடந்தது. ஜிப்பைத் திறந்து மரணத்தை எடுத்து மேலே வைப்பதற்கு அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஏழு வருஷம் சீட்டுக் கலைத்த கை அது. எலும்புக்கூட்டைப் பார்த்தால் ரேலீன் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். காரியமும் நடக்கும், க்ளெனிஸின் மானமும் தப்பும். மூக்கு ஒழுகுகிறது, கைக்குட்டை எடுக்கிறேன் என்று குனிந்தாள். ஜிப்பைத் திறந்தாள். சீட்டுகள் விரலில் பட்டன.

ஓடுவாளா? அந்தச் சின்னப் பெண் போல எழுந்து எங்கேயாவது ஓடினால்? இனி என்ன பண்ணி என்ன, எல்லாம் முடிந்தது என்று வீட்டில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால்? அவள் எதைச் செய்வாள் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்பது க்ளெனிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு வருஷமும் தெரிந்த மாதிரியே நடந்துகொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது.

மூன்று சீட்டுகளையும் எடுத்து மேசைமேல் வரிசையாகத் திறந்து வைத்தாள்.

"என்னடி இது, ஒண்ணு கேட்டா மூணு எடுக்கிற?" ரேலீன் எலும்புக்கூட்டைப் பார்த்தாள்.

"இது உனக்கு விழலை. இது மூணும் கட்டுலயே கிடையாது. நான் ஏழு வருஷமா பையில போட்டு வச்சிருக்கேன். கெட்ட சீட்டு உனக்கு வரலைன்னா, வர முடியாதபடி நான் எடுத்துட்டேன். அவ்வளவுதான். உனக்கு நல்லதுன்னு அதுக்கு அர்த்தமே இல்ல."

ரேலீன் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது.

"எல்லாருக்கும் இப்படித்தானா?"

"எல்லாருக்கும்தான்."

"ஏன்?"

"யாரும் அழுதுட்டுப் போகக் கூடாதுன்னு."

"அழுறதைப் பாக்க உனக்குத்தான் கஷ்டம். அவங்களுக்காக எடுக்கல. உனக்காக." ரேலீன் குரலை உயர்த்தவில்லை. கொட்டகையில் கத்துகிறவள் இங்கே கத்தாமல் பேசியது க்ளெனிஸை இன்னும் குத்தியது. "எனக்கு அம்பத்தொம்பது வயசு. ரெண்டு புள்ளைங்களைப் பெத்தவ. அப்பனை நான்தான் குளிப்பாட்டி அனுப்பி வச்சேன். என்னைப் பாத்தா உனக்குக் கைக்குழந்தை மாதிரியா இருந்துச்சு?"

க்ளெனிஸ் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தாள்.

"சீட்டுக்கு உன் குடல்ல என்ன இருக்குன்னு தெரியாது ரேலீன். முழுக் கட்டுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்தத் தேதியை விட்டுடாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

ரேலீன் எழுந்தாள். இரண்டடி போய்த் திரும்பி வந்தாள்.

"தூக்க மருந்து குடுப்பாங்களாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்லைன்னா உள்ளயே சேக்க மாட்டாங்க. நீதான் கார் ஓட்டற. செவ்வாய்க்கிழமை காலைல ஆறரைக்கு வந்து நில்லு. வழியில நீ ஒரு வார்த்தை பேசினேன்னா இறங்கிடுவேன்."

அன்று அதற்குப் பிறகு க்ளெனிஸ் யாருக்கும் சீட்டுப் பார்க்கவில்லை. என்ன ஆச்சு என்று மெர்வ் கேட்டான். தலைவலி என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஹோபார்ட் நகரம் வரைக்கும் கார் ஊமையாகத்தான் போனது. ஆஸ்பத்திரியில் பதினோரு மணிக்கு ரேலீனை வெளியே கொண்டு வந்து ஒரு திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். கையில் டீயும் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். டாக்டர் வந்தாள். மகள் வயசுதான் இருக்கும். நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போகாமல் ஒரு நாற்காலியை இழுத்து ரேலீனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"இவங்க இருக்கலாமா?" என்று க்ளெனிஸைக் காட்டிக் கேட்டாள்.

"இருக்கட்டும். கேக்கட்டும்."

"நல்ல செய்தி இல்ல ரேலீன். குடல்ல ஒரு கட்டி இருக்கு. பாத்தவரைக்கும் அது புற்றுநோய்தான்னு நினைக்கிறேன். கொஞ்சம் வெட்டி சோதனைக்கு அனுப்பியிருக்கேன், உறுதியா அப்புறம்தான் சொல்ல முடியும். ஸ்கேன் எடுத்தாத்தான் எங்கயாவது பரவியிருக்கான்னு தெரியும்."

அவ்வளவு சொல்லிவிட்டு டாக்டர் பேசாமல் இருந்தாள். இடத்தைக் காலி பண்ணுகிற அவசரம் அவளிடம் இல்லை. ரேலீன் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். க்ளெனிஸுக்கு ஏதாவது சொல்லி அந்த மௌனத்தை மூட வேண்டும் போல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"செப்டம்பர்லயே வந்திருந்தா?" என்று ரேலீன் கேட்டாள்.

"மூணு மாசத்துல எவ்வளவு வளந்துச்சுன்னு இப்ப பாத்துச் சொல்ல முடியாது. பெரிய வித்தியாசம் இல்லாமலும் இருக்கலாம். ஆனா சீக்கிரம் வந்திருந்தா நல்லதுதான். இல்லைன்னு சொன்னா அது பொய்."

ரேலீன் தலையை ஆட்டினாள். பிறகுதான் அழுதாள். டாக்டர் அவள் கையிலிருந்த டீயை வாங்கிக் கீழே வைத்தாள். நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்துக் கூப்பிட்டும் போகவில்லை.

திரும்பி வரும்போது, வழியில் ஆறு தெரிய ஆரம்பித்த பிறகு, ரேலீன் கண்ணை மூடியபடியே பேசினாள்.

"கெல்வின் கடைக்குப் போயிருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருப்பான். கிறிஸ்துமஸுக்குச் சாமான் வாங்க."

"சொல்லப் போறியா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? நானும் மூணு சீட்டை உருவி வச்சுக்கவா?"

க்ளெனிஸ் காரை ரேலீனின் வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

கெல்வின் வீட்டுக்கு முன்னால் படகு இன்ஜின் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். காரைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். பெரிய ஆள், மெதுவாகத்தான் நடப்பான்.

"ரெண்டு பேருமா கடைக்கா? பை ஒண்ணையும் காணோம்?"

"உக்காரு கெல்வின்" என்றாள் ரேலீன். அவனைப் படியில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். க்ளெனிஸ் கார் கதவைப் பிடித்தபடி நின்றாள். கெல்வின் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டான்.

"லெட்டர் எப்ப வந்துச்சு?"

"செப்டம்பர்ல."

"இது டிசம்பர். நடுவுல என்ன ஆச்சு?"

ரேலீன் ஒரு கணம் க்ளெனிஸைப் பார்த்தாள். "செர்ரி சீசன் வருதுல்ல. வேலை மும்முரத்துல தள்ளிப் போயிடுச்சு" என்றாள்.

காப்பாற்றிவிட்டாள். அத்தனை கோபத்திலும் காப்பாற்றிவிட்டாள். க்ளெனிஸ் அப்படியே காரில் ஏறிப் போயிருக்கலாம், ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் கார் கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்தாள்.

"வேலை இல்ல கெல்வின். என்னாலதான்" என்றாள். சீட்டைப் பற்றி, மூன்று ஞாயிறைப் பற்றி, சூரியன், கிண்ணம், நட்சத்திரம் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை.

கெல்வின் துணியை எடுத்து மறுபடியும் கையைத் துடைக்க ஆரம்பித்தான். நகத்தில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

"நீ வீட்டுக்குப் போ க்ளெனிஸ்" என்றான். "இப்ப நான் என்ன பேசினாலும் தப்பாப் போயிடும்."

அவள் காரில் ஏறினாள். சாவியைத் துவாரத்தில் நுழைத்தாள். ஜன்னல் பக்கம் நிழல் தட்டியது. கெல்வின் வந்து நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை ஸ்கேன் எடுத்துட்டு, அடுத்த வாரம் கூப்பிட்டுச் சொல்வாங்களாம். அந்த மாதிரி இடத்துல உக்காந்தா எனக்கு ஒண்ணும் காதுல ஏறாது. எங்கப்பா நோயைப் பத்திச் சொன்னப்பவும் அப்படித்தான் ஆச்சு. அவ கேட்டாலும் எனக்காகக் குறைச்சுத்தான் சொல்வா. கூட ஒரு ஆள் உக்காந்து கேட்டு, அவங்க சொன்னதை அப்படியே எனக்குத் திருப்பிச் சொல்லணும்." அவன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணைக்கூட எடுத்து வச்சுக்காம. முடியுமா உன்னால?"

க்ளெனிஸ் சாவியை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"முடியும்" என்றாள்.

"அப்ப வா" என்று சொல்லிவிட்டுக் கெல்வின் மனைவியிடம் திரும்பிப் போனான்.