சோப்புப் பெட்டியில் ஓர் எண்

டீச்சருக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். கணக்குப் பாடம் எடுப்பவர்களுக்கே உள்ள வியாதி அது. தப்பைக் கண்டால் உடனே சிவப்பு மையால் சுழித்தாக வேண்டும். மாடி வீட்டில் கணினி முன் உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். அந்தப் பிழைப்பு முழுவதும் மேசை ஓரத்து ஹாட்ஸ்பாட் பெட்டியை நம்பி ஓடுகிறது. சோப்புப் பெட்டி அளவுதான். கையோடு எங்கேயும் எடுத்துப் போகலாம். எத்தனை பேர் அதிலிருந்து இணையம் எடுக்கிறார்கள் என்று அதன் சின்னத் திரையில் ஓர் எண் தெரியும். அவள் கணினி மட்டும் என்றால் 1.

பத்து நாளாக நாலு மணி வகுப்பு தொடங்கியதும் அது 2 ஆகிறது. அப்போதே பாடம் திக்கித் திணறும். பாதிக் கணக்கில் அவள் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும். இன்னொரு முறை இப்படி ஆனால் வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். எதிர்வீட்டு ரிட்டையர்டு கேஷியர்மேல்தான் அவளுக்குச் சந்தேகம். சரியாக நாலு மணிக்குத்தான் அவர் வீட்டில் பாட்டு ஆரம்பிக்கும். மனிதர் பாவம், வணக்கம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பெட்டிக்குப் பாஸ்வேர்டு வைத்தவன் அவள் தம்பி. பெட்டி வாங்கிய அன்று, "அக்கா சொன்னா கேக்கணும்" என்று அவள் நாளுக்குப் பத்து தடவை சொல்வதையே ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இருவர்தான். மூன்று வாரத்துக்கு முன், மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு வந்து நின்றவனிடம், "இனிமே இந்தப் படி ஏறாதே" என்றாள். சொன்னது வாய், மனசு இல்லை. அவன் போய்விட்டான். ரீசார்ஜ் செய்யாத அவன் நம்பருக்கு அழைத்தால், உபயோகத்தில் இல்லை என்கிறது ஒரு பெண்குரல். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆத்திரத்தைக் கொட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது, கேஷியர் கிடைத்தார்.

நேற்று பாஸ்வேர்டை மாற்றினாள். வெறும் எண்கள். நாலு மணிக்கும் 1, ஐந்து மணிக்கும் 1. திருடன் வாலைச் சுருட்டிக்கொண்டான் என்று அவளுக்கு ஒரே திருப்தி.

இன்று வகுப்பு முடிந்ததும் கீழே இறங்கினாள். படிக்கட்டை ஒட்டி மிஷின் போட்டிருக்கும் டெய்லரிடம், திருடனை மடக்கிய கதையைப் பெருமையாகச் சொன்னாள். டெய்லர் மிஷினை நிறுத்தினார்.

"கேஷியர் இல்ல டீச்சர். உங்க தம்பிதான். தினம் நாலு மணிக்கு வந்து இந்த ஸ்டூல்ல உக்காந்து, போன்ல வேலை தேடுவாரு. மேல போங்களேன்னு சொன்னா, அக்கா படி ஏறாதேன்னு சொல்லியிருக்கும்பாரு."

அவள் அந்தக் காலி ஸ்டூலைப் பார்த்தாள்.

"பாஸ்வேர்டை மாத்தல பாருங்க, அக்காவுக்குக் கோவம்தான், வெறுப்பு இல்லன்னு சொல்லிட்டே இருப்பாரு. நேத்து போனையே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு. அக்கா மாத்திடுச்சுன்னாரு. அவ்வளவுதான். எங்கயோ குடோன் வேலையாம், இன்னிக்கு அஞ்சரை பஸ்ஸாம். எந்த ஊருன்னு கேட்டேன், சொல்லல."

மணி ஐந்து பத்து. படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். பழைய பாஸ்வேர்டை மறுபடி அடிப்பதற்குள் அவசரத்தில் இரண்டு தப்பு. தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள். காலில் ஜோடி மாறிய செருப்பு. போன் மேசையிலேயே கிடந்தது.

பஸ் ஸ்டாண்டில் ஏழெட்டு வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. எதில் என்று யாருக்குத் தெரியும்? அவள் கணினி வீட்டில் இருந்தது, பெட்டியில் 0. அதைக் கையில் நீட்டிப் பிடித்தபடி ஒவ்வொரு பஸ்ஸையும் ஒட்டி நடந்தாள். அவன் போன் பழைய பாஸ்வேர்டை மறக்காமல் இருந்தால், பக்கத்தில் போனதும் தானாக ஒட்டிக்கொள்ளும். பார்த்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். முதல் பஸ், 0. மூன்றாவது, 0. ஐந்தாவது கிளம்பியே போய்விட்டது. அதிலே இருந்திருப்பானோ?

கடைசி பஸ்ஸை நெருங்கும்போது 0 போய் 1 வந்தது.

வண்டி நகரத் தொடங்கியிருந்தது. வாசலில் ஆட்கள் முண்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முதுகுகள். தேடிக் கண்டுபிடிக்க நேரமில்லை. வகுப்பில்கூட எழுப்பாத குரலில் கத்தினாள்.

"ஏறாதே!"

கத்திய பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. அன்றைக்கும் இதைத்தானே சொன்னாள். பாவி, வேறு சொல்லே வாயில் வரவில்லை.

பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வளைவில் திரும்பி மறைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் பத்து வரை எண்ணினாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். பஸ் போய்விட்டது, எண் போகவில்லை. 1 அப்படியே இருந்தது.

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.