டெல்ஃபீன் வீட்டுச் சுவரில் குடியிருந்தவள்

ஐந்து வயது ஹான்வியை மாநிலக் குழந்தைகள் நல அலுவலகக் கார் ஏற்றிக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை, அவளுடைய நிழல் வண்டியில் ஏறவில்லை. டெல்ஃபீன் ரெட் வில்லோவின் சமையலறைச் சுவரிலேயே தங்கிவிட்டது.

தப்பு ஒரு சொல்லில் நடந்தது. குழந்தையைப் பெற்றவள் டெல்ஃபீனின் தங்கை. அவள் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "நீங்க யாரு?" என்று கேட்ட அதிகாரியிடம் டெல்ஃபீன் யோசிக்காமல், "அம்மா" என்றாள். எங்கள் லகோட்டா மொழியில் அப்பாவின் அக்கா தங்கைக்குத்தான் வேறு சொல். அம்மாவின் அக்கா தங்கை எல்லோருமே 'இனா', அம்மாதான். அதிகாரி பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். அதில் அம்மா என்று இருந்த பெயர் இறந்தவளுடையது. பொய் சொல்கிறவளிடம் குழந்தையை விடக்கூடாதாம். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நிழல் வளர்ந்தது. மூன்றாம் வருடம் பின்னல் போட்டுக்கொண்டது. சூப் கிண்டியபடி டெல்ஃபீன் லகோட்டாவில் பேசப்பேச அது தலையாட்டும். கேட்க வேறு ஆளில்லை. பனியில் பாதை மூடிவிட்டால் வாரக்கணக்கில் யாரும் வருவதில்லை. தொட்டால் வெறும் சுவர்தான், சில்லென்றிருக்கும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கொழுந்தன் லெராய் மட்டும் எப்படியாவது விறகு கொண்டுவந்துவிடுவான்.

"என்ன மதினி, உன் பொண்ணு இப்படிக் கறுத்துட்டா? வெயில்ல விடாத."

"நீ பல்லக் காட்டாம விறக இறக்கு."

அவன் போன பிறகு அவள் அழுதாள்.

ஏழாம் வருடம், ஹான்வியை வளர்த்த நகரத்துக்காரர்கள் தத்தெடுக்க மனுப் போட்டார்கள். கொடுத்துவிட்டால் போனது போனதுதான். எங்கள் பழங்குடி நீதிமன்றம் வழக்கைத் தன்னிடம் மாற்றச் சொல்லிக் கேட்டது. பிள்ளை இங்கே, எங்கள் பழங்குடி நிலத்தில் குடியிருந்தால்தான் அது எங்கள் வழக்கு. "ஏழு வருஷமா நகரத்துல இருக்கற புள்ள இங்க எப்படிங்க குடியிருக்கும்?" என்றார் மாநில வக்கீல். நியாயமான கேள்வி. நீதிபதி ஆர்டிஸ் அம்மாள் அவரையும் ஏற்றிக்கொண்டு டெல்ஃபீன் வீட்டுக்கு நாற்பது மைல் ஓட்டிப் போய், சுவரிலிருந்த நிழலை அளந்தார்: நாலடி ஒன்பது அங்குலம். நகரத்து மருத்துவச் சீட்டிலும் அதே உயரம். கீழே, 'நிழல் விழுவதில்லை, மற்றபடி நலம்' என்றிருந்தது.

"இந்தப் புள்ளைக்கு நீ யாரு?"

"இனா."

நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார். வக்கீல் ஒரு கிண்ணம் சூப் குடித்தார், மேல்முறையீடு செய்யவில்லை.

ஏப்ரலில் ஹான்வி வந்து இறங்கினாள். கத்தரித்த முடி, கையில் ஒரு பை, எங்கள் மொழியில் ஒரு சொல் தெரியாது. வாசலில் நின்று, "மேடம், ஷூவைக் கழட்டணுமா?" என்று கேட்டாள். ஏழு வருடத்தில் டெல்ஃபீனுக்கு அவ்வளவு வலித்ததில்லை. நிழல் சுவரை விட்டு இறங்கி, பின்னலோடு, ஹான்வியின் காலடியில் போய்ச் சேர்ந்துகொண்டது.

டெல்ஃபீன் லகோட்டாவில் கூப்பிட்டால் இன்றும் முதலில் நிழல்தான் திரும்புகிறது. ஹான்வி திரும்பக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை டெல்ஃபீன் காத்திருக்கிறாள்.